பானைக்குள் இலவம் பஞ்சு

போடிநாயக்கனூரில் என் பெரியப்பா டீக்கடை வைத்திருந்தார். கடையின் மூலையில் பழைய டயர் ஒன்றின் மேல் ஒரு மண்பானை உட்கார்ந்திருக்கும். அதன் வாயில் ஆறரை அங்குல ஸ்பீக்கர், வானத்தைப் பார்த்தபடி. சுற்றிலும் காற்று கசியாமல் எம்சீல் வைத்து அடைத்திருந்தார். எண்பதுகளில் நம்மூர்க் கடைகளிலும் வீடுகளிலும் இப்படிப்பட்ட பானை ஸ்பீக்கர்களைப் பார்த்திருப்பீர்கள். மரப்பெட்டி என்றால் ஆசாரியைத் தேட வேண்டும், பலகைக்கும் கூலிக்கும் காசு வேண்டும். பானை சந்தையிலேயே கிடைத்தது. வெறும் ஸ்பீக்கரைத் தரையில் வைத்தால் தகரத்தில் கத்துவதுபோல் இருக்கும் பாட்டு, பானை வாயில் ஏறியதும் கனத்து ஒலிக்கும்.

அந்தக் கனம் எல்லாச் சுரத்துக்கும் ஒன்றுபோல வராது என்பதுதான் சிக்கல். பாட்டில் ஏதோ ஓரிடம் வந்தால் கும்மென்று ஊதிக்கொள்ளும், அடுத்த நொடி வற்றிவிடும். வானொலிச் செய்தி வாசிப்பவர் கிணற்றுக்குள் இறங்கி நின்று வாசிப்பதுபோல் இருக்கும். ஒருநாள் மதியம், கூட்டம் இல்லாத நேரம், பெரியப்பா ஸ்பீக்கரைக் கழற்றி வைத்துவிட்டு, "டேய், அந்தக் கிழிஞ்ச தலகாணிய எடுத்துட்டு வாடா" என்றார். தையலைப் பிரித்து, உள்ளே இருந்த இலவம் பஞ்சைக் கைகொள்ளும் அளவுக்கு அள்ளி, உதறி உதறிப் பானைக்குள் போட்டார். ஸ்பீக்கரைத் திரும்பப் பொருத்தி வானொலியைப் போட்டதும் செய்தி வாசிப்பவர் கிணற்றைவிட்டு மேலே ஏறி வந்துவிட்டார். எனக்கு அப்போது பத்து வயது. அந்த ஆச்சரியம் இன்னும் தீரவில்லை.

ஆனால் ஒரு சத்தம் மட்டும் போகவில்லை. சில சுரங்களுக்குப் பானையே ணங்கென்று ஒரு ரீங்காரம் போடும். எவ்வளவு பஞ்சு திணித்தும் அது அடங்கவில்லை. அதற்குப் பெரியப்பா பிறகு வேறு வழி கண்டார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பல ஆண்டுகளாக ஓய்வு நேரத்தில் ஸ்பீக்கர் பெட்டி செய்துவருகிறேன். புதிதாகப் பெட்டி செய்ய வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "உள்ளே என்ன ஒட்டலாம், அண்ணே?" என்றுதான். ஃபோமா, கண்ணாடிப் பஞ்சா, தார் ஷீட்டா, கார்ப்பெட்டா? கேள்வியிலேயே ஒரு சிடுக்கு இருக்கிறது. பெட்டிக்குள் இரண்டு வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. ஒன்று உள்ளே அடைபட்ட காற்றின் நோய், மற்றது சுவரின் நோய். ஒன்றுக்கான மருந்து மற்றதைத் தொடக்கூடத் தொடாது. கடையில் இரண்டையும் ஒரே அலமாரியில் அடுக்கி ஒரே பெயரில் விற்பதால், பலர் காற்றுக்கான மருந்தைச் சுவரில் பூசிவிட்டு, சுவர் ஏன் இன்னும் அதிர்கிறது என்று குழம்புகிறார்கள்.

முதலில் காற்று. ஸ்பீக்கரின் கோன் முன்னே தள்ளும்போது முன்பக்கக் காற்று அமுங்குகிறது, அதே கணத்தில் பின்பக்கக் காற்று விரிகிறது. பெட்டி இல்லையென்றால் தாழ்ந்த சுரங்களில் முன்னலையும் பின்னலையும் ஒன்றையொன்று தின்றுவிடும். தரையில் வைத்த ஸ்பீக்கரில் பேஸ் வராததற்கு அதுதான் காரணம். பின்னலையைச் சிறைவைக்கத்தான் பெட்டி. ஆனால் சிறை வைத்தால் மட்டும் அது மறைந்துவிடாது. கோன் உண்டாக்கும் ஒலியில் ஏறத்தாழப் பாதி உள்ளேதான் போகிறது. அது சுவர்களில் மோதித் திரும்பி, வெளியேற வழி தேடும்.

வழியும் இருக்கிறது, கோன்தான் அது. 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகை ஒரு சதுர மீட்டருக்குப் பதின்மூன்று கிலோவுக்கு மேல் எடை. ஆறரை அங்குல ஸ்பீக்கரின் அசையும் பகுதி முழுவதும் பத்துப் பதினைந்து கிராம்தான். அதே கணக்கில் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ அளவில் நிற்கும். அப்படியானால் பெட்டியின் ஆறு சுவர்களுக்கு நடுவே ஒரு காகிதச் சன்னல் திறந்திருக்கிறது. உள்ளே அலைந்து திரும்பும் ஒலி சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி தாமதமாக அந்தக் காகிதத்தை ஊடுருவிக் கேட்பவர் காதுக்கு வருகிறது. "பெட்டிக்குள்ளிருந்து பேசுவதுபோல்" என்று நாம் சொல்வது உவமை அல்ல, அப்படியே நடப்பது.

உள்ளே எந்தச் சுரம் அதிகம் ஊதிக்கொள்ளும் என்பதைக் கணக்கிடலாம். உட்பக்கம் 36 சென்டிமீட்டர் உயரம், 20 அகலம், 17 ஆழம் உள்ள பெட்டியை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 12 லிட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அரை அலைநீளம் பொருந்தும்போது நிலை அலை உண்டாகும். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்றால், உயரத்துக்கு 476 ஹெர்ட்ஸ், அகலத்துக்கு 857, ஆழத்துக்கு 1,009. மூன்றும் மனிதக் குரலும் வயலினும் நடமாடும் இடங்கள். மூன்று அளவுகளும் ஒன்றாக இருக்கும் கனசதுரப் பெட்டியில் மூன்றும் ஒரே சுரத்தில் குவிந்துவிடும், அதனால்தான் அது ஆகாது. உருண்டை அதைவிட மோசம். 30 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பானையின் உள்ளே ஏறத்தாழ 750 ஹெர்ட்ஸில் எல்லாத் திசை அலைகளும் ஒன்றுசேரும். இதில் ஒரு விசித்திரம்: அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஹாரி ஓல்சன் 1950களின் தொடக்கத்தில் பல வடிவப் பெட்டிகளை அளந்து பார்த்தபோது, விளிம்பில் பட்டுச் சிதறும் கோளாறு குறைந்து சீராக ஒலித்தது உருண்டைதான். வெளியே மிகச் சிறந்த வடிவம், உள்ளே மிக மோசமான வடிவம். பெரியப்பாவின் பானையில் இரண்டும் ஒன்றாக இருந்தன.

இந்த அலைகளை எதைக் கொண்டு பிடிப்பது? இங்கேதான் பலரும் தவறும் இடம் வருகிறது. காற்று அசையும் இடத்தில்தான் பஞ்சால் அதைப் பிடிக்க முடியும். சுவரை ஒட்டிய காற்றுக்கு அசைய இடமே இல்லை. அங்கே அழுத்தம் ஏறி இறங்குமே தவிர ஓட்டம் சுழியம். ஓட்டம் உச்சத்தில் இருப்பது சுவரிலிருந்து கால் அலைநீளம் தள்ளி. 476 ஹெர்ட்ஸுக்கு அது 18 சென்டிமீட்டர், அதாவது பெட்டியின் நட்டநடு. ஒரு அங்குல ஃபோமைச் சுவரில் ஒட்டினால் அதன் வெளிமுகம் இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் நிற்கிறது. அது கால் அலைநீளமாவது 3,400 ஹெர்ட்ஸ் அருகில். இரண்டு வழி ஸ்பீக்கரில் அந்த உயரத்துக்கு ஏறும் முன்பே கிராஸ்ஓவர் ஊஃபரை நிறுத்தி ட்வீட்டரிடம் வேலையைக் கொடுத்துவிடும். ஊஃபர் பேசாத சுரத்துக்குக் காவல் போட்டதுபோல் ஆகிறது. சுவரில் ஒட்டும் ஃபோம் முற்றிலும் வீண் என்று சொல்ல மாட்டேன், 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கொஞ்சம் உதவும். ஆனால் கையில் ஒரே ஒரு பிடி பஞ்சு இருந்தால் அதை நடுவில் வையுங்கள். பெட்டியின் குறுக்கே நூல் கட்டித் தொங்கவிட்டாலும் போதும்.

பஞ்சு எப்படிப் பிடிக்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஓடும் காற்று ஒரு இழையைத் தொடும் இடத்தில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். இழையிலிருந்து விலக விலக வேகம் கூடும். பாகுநிலை காரணமாகக் காற்றின் அடுக்குகள் ஒன்றோடொன்று உராய, ஒலியின் ஆற்றல் வெப்பமாகிறது. இந்த உராய்வுப் படலம் எவ்வளவு தடிமன்? 100 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர், 1,000 ஹெர்ட்ஸில் 0.07. அவ்வளவுதான். அதனால் இழைகள் கால் மில்லிமீட்டர் இடைவெளியில் பரவியிருந்தால், நடுவே ஓடும் காற்று முழுவதும் ஏதோ ஒரு இழையின் பிடிக்குள் வந்துவிடும்.

இந்த ஒரு அளவை வைத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனால் பொருள்கள் தாமாகவே தரம் பிரிந்து நிற்கும். தலையணைகளில் வரும் பாலியெஸ்டர் பஞ்சை நம்மூரில் ரெக்ரான் பஞ்சு என்றே கேட்டு வாங்குகிறோம். அதன் இழை 25 மைக்ரான் அளவு. லிட்டருக்கு 10 கிராம் வீதம் பரப்பினால் இழைகளின் சராசரி இடைவெளி கணக்குப்படி 0.26 மில்லிமீட்டர். வேண்டிய அளவு அப்படியே கிடைத்துவிடுகிறது. தென்னை நார் மலிவு, இயற்கை, நம் மண்ணின் பொருள் என்று ஆசைப்பட்டு நானும் ஒருமுறை பெட்டி நிறையப் போட்டேன். இழையே கால் மில்லிமீட்டர் தடிமன். அதே 10 கிராமுக்கு இடைவெளி இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். நடுவே ஓடும் காற்றுக்கு அங்கே நார் இருப்பதே தெரியாது. மெத்தைக்கு அருமையான பொருள், இந்த வேலைக்கு உதவாது.

இனி எங்கள் ஊர் இலவம் பஞ்சு. கோடையில் காய் வெடித்துப் பஞ்சு பறக்கும் தோப்புகளைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம் உண்டு. ஆனால் பிரியத்தால் மட்டும் இதைச் சொல்லவில்லை. இலவம் இழை 20 மைக்ரான் அளவுள்ள ஒரு நுண்குழாய். உள்ளே பெரும்பகுதி வெறும் காற்று. அதனால் இழையின் அடர்த்தி தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குதான். ஒரே எடைக்குப் பாலியெஸ்டரைவிடப் பல மடங்கு அதிக நீளம் இழை கிடைக்கும். 10 கிராமுக்கு இடைவெளி 0.1 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது, அது இந்த வேலைக்கு அதிகம். லிட்டருக்கு 4 அல்லது 5 கிராமே போதும். இழையின் மேல் இயற்கையாகவே மெழுகுப் படலம் இருப்பதால் தண்ணீர் எளிதில் ஒட்டாது. சாதாரணப் பருத்திப் பஞ்சு ஈரம் குடித்துக் கட்டி தட்டிவிடும். குறையும் உண்டு. இழை குட்டை, வழுக்கும், ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. சில மாதங்களில் சரிந்து அடியில் படிந்துவிடும். தூசாகப் பறந்து வாய்ஸ் காயில் இடுக்கில் புகுந்தால் ஸ்பீக்கர் கரகரக்கும். தீப்பொறி பட்டால் சட்டென்று பற்றும். ஆகவே மெல்லிய மல் துணியில் உள்ளங்கை அகலச் சிறு பைகளாகத் தைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக நூலில் கோத்துத் தொங்கவிட வேண்டும். கிராஸ்ஓவரில் சூடாகும் பீங்கான் ரெசிஸ்டர் பக்கம் எந்தப் பஞ்சையும் அண்டவிடக் கூடாது.

கண்ணாடிப் பஞ்சும் ராக்வூலும் திறமையில் எல்லாவற்றையும் மிஞ்சும், இழை சில மைக்ரான் மட்டுமே. 48 அல்லது 64 கிலோ அடர்த்தி என்று பலகையாகக் கிடைக்கும் ராக்வூலை ஐந்து சென்டிமீட்டர் தடிமனில் பின்சுவரில் நிறுத்தினால் குரல் தெளிவது உடனே தெரியும். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள், தோலில் அரிப்பெடுக்கும், தூசி நெஞ்சில் இறங்கும். துணி போர்த்தாமல் உள்ளே விடவும் கூடாது. ஆட்டுரோமத்துக்கும் பழைய பெருமை உண்டு: இங்கிலாந்தின் ஆர்தர் பெய்லி 1965இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் எழுதிய பெட்டியில், பின்னலையை மடித்த நீண்ட குழாய்க்குள் செலுத்தி, நீள ரோமத்தால் வழிநெடுக அதை அடக்கினார். அந்துப்பூச்சி அதற்குப் பகை.

முட்டை அட்டை, தெர்மோகோல், பார்சலில் வரும் பளபளப்பான வெள்ளை ஸ்பாஞ்ச் மூன்றையும் ஒதுக்கிவிடலாம். ஒரு சோதனை போதும்: பொருளை வாயருகே வைத்து ஊதுங்கள். மூச்சே போகாவிட்டால் அது மூடிய அறைகள் கொண்டது, ஒலியும் உள்ளே போகாது. தடையே இல்லாமல் போனால் இழை மிகவும் தடிமன், அல்லது மிகவும் தளர்வு. கொஞ்சம் முட்டிக்கொண்டு, முனகிக்கொண்டு போனால் அதுதான் வேண்டியது. ஃபோம் வாங்கும்போது கடைக்காரர் முன்னாலேயே இதைச் செய்து பார்க்கிறேன்.

பஞ்சுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதன் கதை நியூட்டனிடம் தொடங்குகிறது. 1687இல் 'பிரின்சிபியா'வில் நியூட்டன் காற்றில் ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டார். விடை உண்மையைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவாக வந்தது. காற்று அமுங்கும்போது அதன் வெப்பநிலை மாறாது என்று அவர் எடுத்துக்கொண்டார். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், பம்பின் அடி சுடும். அமுங்கும் காற்று சூடாகிறது, சூடானது இன்னும் விறைக்கிறது, அலை இன்னும் வேகமாக ஓடுகிறது. இந்தத் திருத்தத்தை லாப்லாஸ் வெளியிட்டது 1816இல். நூறாண்டுக்கு மேல் நின்ற தவறு அது.

இப்போது பெட்டிக்குள் பாருங்கள். 12 லிட்டர் காற்றின் எடை 14 கிராம் சொச்சம். அதில் பரவிய பாலியெஸ்டர் பஞ்சு 120 கிராம். கோன் உள்ளே தள்ளும்போது காற்றில் எழும் சூட்டை இந்த இழைகள் அப்போதைக்கப்போது வாங்கிக்கொண்டு, கோன் வெளியே போகும்போது திருப்பிக் கொடுக்கின்றன. எவ்வளவு சூடு? உள்ளே 130 டெசிபல் முழங்கினாலும் ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்குதான். பஞ்சின் வெப்பக் கொள்ளளவு காற்றைப்போலப் பத்து மடங்குக்கு மேல். அதற்கு இது ஒரு பொருட்டே இல்லை. தாழ்ந்த சுரங்களில் ஏறி இறங்க நேரம் நிறைய இருப்பதால் காற்றின் வெப்பநிலை மாறாமலே நிற்கிறது. நியூட்டன் தவறாக எடுத்துக்கொண்ட நிலைமை பஞ்சு நிறைந்த பெட்டிக்குள் உண்மையாகிவிடுகிறது. ஒலி அங்கே 290 மீட்டர் வேகத்துக்கு இறங்கப் பார்க்கும். காற்று மெத்தை மிருதுவாகும். ஸ்பீக்கருக்குத் தான் பெரிய பெட்டிக்குள் இருப்பதுபோல் தோன்றும். கணக்குப்படி உச்சவரம்பு 40 சதவீதம் பெரிது, கைவேலையில் கிடைப்பது 15 முதல் 25.

இந்த மிருதுவான காற்றையே ஸ்பீக்கருக்கு வில்லாக்கியவர் எட்கர் வில்ச்சர். 1954இல் அவரும் ஹென்றி க்ளாஸும் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் ஏ.ஆர். நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதுவரை ஆழ்ந்த பேஸ் வேண்டுமென்றால் பீரோ அளவுப் பெட்டி வேண்டும். வில்ச்சர் கோனைத் தாங்கும் விளிம்பைத் தளர்த்திவிட்டு, இறுக மூடிய சிறு பெட்டிக் காற்றையே வில்லாக வைத்து, உள்ளே கண்ணாடிப் பஞ்சை நிரப்பினார். அலமாரித் தட்டில் அடங்கும் பெட்டியிலிருந்து அவ்வளவு ஆழமான பேஸ் வந்தது அன்றைக்குப் பலரும் நம்பாத சங்கதி.

எவ்வளவு பஞ்சு போடுவது என்பதைப் புத்தகம் பார்த்துத் தொடங்கலாம், முடிவைக் கருவியும் காதும்தான் சொல்ல வேண்டும். மூடிய பெட்டிக்குப் பாலியெஸ்டர் என்றால் லிட்டருக்கு 8 கிராமில் தொடங்குகிறேன். சமையலறைத் தராசு போதும். ஆம்ப்ளிஃபையருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே தொடராக ஒரு ஆயிரம் ஓம் ரெசிஸ்டர், ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டர், கைபேசியில் சுரம் எழுப்பும் செயலி. 30 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏற்றினால் ஓரிடத்தில் மீட்டர் உச்சம் தொட்டு இறங்கும். அந்தப் பெட்டியின் ஒத்ததிர்வு அது. தனியாக 45 ஹெர்ட்ஸில் அதிரும், 20 லிட்டர் காற்றுக்கு இணையான விறைப்புள்ள ஊஃபரை நம் 12 லிட்டர் பெட்டியில் வைத்தால் உச்சம் 73 ஹெர்ட்ஸ் அருகே நிற்கும். பஞ்சு பெட்டியை 20 சதவீதம் பெரிதாகக் காட்டினால் 70க்கு இறங்கும். பஞ்சைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் உச்சம் இறங்குவது நின்று, திரும்ப ஏறத் தொடங்கும். பஞ்சு தானே இடத்தை அடைத்து, காற்றை மறித்துவிட்டது என்று அர்த்தம். அங்கிருந்து ஒரு பிடி எடுத்துவிடுங்கள். இழைகள் அசையாமல் நிற்பதில்லை, காற்றோடு சேர்ந்து இழுபடவும் செய்கின்றன. பிராட்பரி என்ற ஆய்வாளர் 1976இல் அதைக் கணக்கில் கொண்டுவந்தார். லேசான பஞ்சுகளுக்குச் சூத்திரம் மட்டும் போதாமல் அளந்து பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

உண்மையில் 73, 70 என்ற இந்த வேறுபாட்டைக் காதால் பிடிப்பது கடினம். பஞ்சின் பெரும் பயன் குரல் பகுதியில்தான் என்பது என் அனுபவம். அதனால் அளந்து முடித்ததும் ஒரு ஸ்பீக்கரை மட்டும் ஒலிக்கவிட்டு, இசைக்கருவி இல்லாத ஆண்குரல் பேச்சைக் கேட்கிறேன். "ம", "ஊ", "ஓ" வரும் சொற்களில் பெட்டி வாய் போடுகிறதா என்று பார்த்தால் போதும்.

போர்ட் வைத்த பெட்டிக்கு இந்தக் கணக்கெல்லாம் மாறும். அங்கே போர்ட் குழாய்க் காற்றும் பெட்டிக் காற்றும் ஊஞ்சலாடித்தான் பேஸ் வருகிறது. பஞ்சை நிறைத்தால் ஊஞ்சலைப் பிடித்து நிறுத்தியது போலாகும். பின்சுவர், ஒரு பக்கச்சுவர், மேல்சுவர் மூன்றில் மட்டும் ஐந்து சென்டிமீட்டர் போர்த்தி, ஊஃபரிலிருந்து போர்ட் வரை வழியைத் திறந்துவிட வேண்டும்.

இனி சுவர். ஒரு அங்குல ஃபோம் சதுர மீட்டருக்கு அரைக் கிலோ சொச்சம், பதின்மூன்று கிலோப் பலகையின் அதிர்வை அது எப்படித் தடுக்கும்? விறைப்பும் இல்லை, கனமும் இல்லை. பலகைக்கு வேண்டியது வேறு. முதல் வழி குறுக்குக்கட்டை: எதிர்ச்சுவர்களை இணைத்து, நட்டநடுவில் இல்லாமல் கொஞ்சம் தள்ளி. அதிர்வு குறையும், ஆனால் மீதி அதிர்வு மேல் சுரத்துக்கு ஏறிப்போகும். எல்லாரும் தடித்த பலகை, இன்னும் தடித்த பலகை என்று போய்க்கொண்டிருந்தபோது பி.பி.சி.யின் ஆய்வுத்துறை எதிர்த்திசையில் நடந்தது. அவர்கள் மெல்லிய பிர்ச் பிளைவுட்டில் பெட்டி செய்து, உட்சுவரில் கனமான தார் அட்டைகளைப் பதித்தார்கள். ஹார்வுட், மேத்யூஸ் இருவரும் 1977இல் எழுதிய அறிக்கை இதன் நியாயத்தை விளக்குகிறது. தடித்த பலகை அதிர்ந்தால் காது கூர்மையாக உள்ள இடத்தில் அதிரும், அதை அடக்கவும் அரிது. மெல்லிய பலகையின் அதிர்வு கீழே இறங்கிவிடும், பலகையோடு ஒப்பிட்டால் தாரின் கனம் பெரிது என்பதால் சட்டென்று அடங்கிவிடும். ஒலிபரப்பு வண்டிக்குள் வைத்துக் கேட்பதற்காக எழுபதுகளில் அவர்கள் வடிவமைத்த ஐந்து லிட்டர் எல்.எஸ்.3/5ஏ பெட்டியை, மனிதக் குரலைக் கேட்க, இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

தார் என்ன செய்கிறது? பலகை வளையும்போது அதன்மேல் ஒட்டிய தாரும் நீள்கிறது, சுருங்குகிறது. ஆனால் ரப்பர் பந்துபோல வாங்கியதைத் திருப்பித் தராது. அதன் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றின்மேல் ஒன்று இழுபட்டு அதிர்வைச் சூடாக்கிவிடும். தாருக்கு மேல் இன்னொரு மெல்லிய பிளைவுட்டை ஒட்டி இரண்டுக்கும் நடுவே அதைச் சிறைவைத்தால், வளையும்போதெல்லாம் நடுவில் உள்ள அடுக்கு அறுபடுவதுபோல் வழுக்கி இழுபடும். அப்போது அடக்கும் திறன் பல மடங்கு கூடுகிறது. கார் சாமான் கடைகளில், சென்னையில் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில், அலுமினியத் தாள் பொதிந்த பியூட்டைல் ஷீட் கிடைக்கும். அதுவும் இதே தத்துவம்தான். நம் கோடையில் வெறும் தார் ஷீட் இளகி மேல்சுவரிலிருந்து தொங்கிவிடும், பியூட்டைல் பிடித்து நிற்கும். இரண்டு பலகைகளை ஒட்ட ஃபெவிகால் வேண்டாம். அது கல்லாக இறுகி இரண்டையும் ஒரே பலகையாக்கிவிடும். காய்ந்த பிறகும் நெகிழும் பசை வேண்டும்.

எந்தச் சுவருக்கு மருந்து வேண்டும் என்று கண்டுபிடிக்க நான் நம்புவது ஒரு சாதாரண ஸ்டெதஸ்கோப்பை. சுரத்தை மெல்ல ஏற்றிக்கொண்டே பலகையின் மேல் அதை நகர்த்தினால், ஒரு சுரத்தில் ஓரிடம் மட்டும் உரக்கப் பேசும். பென்சிலால் வட்டம் போட்டு, அந்த இடத்தில் ஷீட்டை ஒட்டுங்கள். முழுச் சுவரையும் போர்த்தத் தேவையில்லை, பாதிப் பரப்புக்கே பெரும்பயன் கிடைத்துவிடும். பக்கச்சுவர்களின் நடுவும் பின்சுவரும்தான் பெரும்பாலும் அகப்படும்.

பெரியப்பாவின் பானைக்கு வருகிறேன். சுட்ட மண் விறைப்பானது, உள்ளுக்குள் உராய்வு மிகக் குறைவு. தட்டினால் நெடுநேரம் ஒலிக்கிறது என்றால் அதிர்வைத் தின்ன அதனிடம் எதுவுமே இல்லை. கடம் வாசிப்பவருக்கு அது வரம். ஸ்பீக்கர் வைத்த பெரியப்பாவுக்கு அதே குணம் தொல்லை. உள்ளே போட்ட இலவம் பஞ்சு காற்றோடு நின்றுவிட்டது, மண்ணை எட்டவில்லை. ஒரு நாள் சர்க்கரைச் சாக்கு ஒன்றைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பானையைச் சுற்றி இறுக்கி, சைக்கிள் டியூபால் கட்டினார். ரீங்காரம் அறுந்து நின்றது. ஈரச் சணலுக்குக் கனமும் இருந்தது, இழைகளுக்கு நடுவே நெளியும் தண்ணீரும் இருந்தது. போடியின் வெயிலில் மாலை நாலு மணிக்கெல்லாம் சாக்கு காய்ந்துவிடும். வானொலியில் நாதஸ்வரம் வரும்போது மெல்ல அந்த ணங் திரும்பத் தலைகாட்டும். பெரியப்பா டீ ஆற்றிக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருப்பார். "தண்ணி தெளிடா" என்பார். சொம்பிலிருந்து ஒரு கை அள்ளி நான் பானைமேல் தெளிப்பேன்.